யோகா சொல்லிக்குடுக்கும்போது ஸ்டூடண்ட்ஸோட முழுசா இருக்குறது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர்ல செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் யோகா சொல்லிக்குடுக்குறேன், புதுசா டீச்சர் ஆகுறவங்களுக்கும் கூட இருந்து சொல்லித் தர்றேன். ஆசனம் பத்தி அவங்க அதிகம் கேக்குறதில்ல, அதெல்லாம் டிரெய்னிங்லயே படிச்சுட்டு வந்துடுறாங்க. திரும்பத் திரும்ப வர்ற சந்தேகம் எல்லாம் வேற: கிளாஸ் எடுக்கும்போது நம்ம கவனம் எங்க இருக்கணும், எதிர்ல இருக்குறவங்களோட முழுசா எப்படி இருக்குறது. வாட்ஸ்அப்ல வாய்ஸா வந்தது, கிளாஸ் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது கேட்டதுன்னு எல்லாத்தையும் அவங்க கேட்ட மாதிரியே போட்டு பதில் எழுதியிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிங்க, முன்னாடி சொன்னத பின்னாடி திரும்ப எழுதல.

"முழுசா இருங்க, முழுசா இருங்கன்னு சொல்றீங்களேக்கா, நான் அங்கதானே நிக்கிறேன்? வேற எங்க போயிட்டேன்?"

உடம்பு அங்கதான் நிக்குது. ஆனா தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு ஒரு கிளாஸ்ல கவனிச்சுப் பாருங்க. அடுத்து என்ன போஸ், இடது பக்கம் செஞ்சாச்சா இல்லையா, குரல் நல்லா இருக்கா, அந்த ஆண்டி ஏன் கடிகாரத்த பாக்குறாங்க, என் கிளாஸ் பிடிக்கலையோ. எல்லாமே நம்மளப் பத்தினதுதான், ஆண்டி கூட நம்ம கவலைக்குள்ளதான் வர்றாங்க. அவங்க கடிகாரத்த பாத்தது பேரப்பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும்ங்கறதுக்காக இருக்கலாம், அது நமக்கு தோணவே தோணாது.

முழுசா இருக்குறதுன்னு நான் சொல்றது ரொம்ப சாதாரணமான விஷயம். மேட்ல இருக்குறவங்க இந்த நிமிஷம் எப்படி மூச்சு விடுறாங்க, எங்க இழுத்துப் பிடிக்குது, நாம சொன்னது அவங்களுக்கு புரிஞ்சுதான்னு பாக்குறது, பாத்ததுக்கு ஏத்த மாதிரி அடுத்த வார்த்தைய சொல்றது. மனசு ஸ்டூடண்ட்கிட்ட இருக்கணும்னா முதல்ல கண்ணு அவங்ககிட்ட இருக்கணும், இந்தப் பக்கத்துல இருக்குற மத்த எல்லா பதிலும் இதுலேர்ந்து வர்றதுதான்.

"அதுக்கு என் மனசு முதல்ல அமைதியா ஆகணும்ல? எனக்கு எப்பவும் ஏதாவது ஓடிக்கிட்டே இருக்குமே?"

அமைதியாகுற வரைக்கும் காத்திருந்தா கிளாஸே எடுக்க முடியாது. பதட்டமா இருக்குற டீச்சர் கூட ஸ்டூடண்ட்ட நல்லா பாக்க முடியும், ரொம்ப அமைதியா, சாந்தமா சிரிச்சுக்கிட்டே யாரையும் பாக்காம கிளாஸ் எடுக்குறவங்களும் இருக்காங்க. ரெண்டாவது வகைதான் ஆபத்து, ஏன்னா வெளிய பாக்க அழகா இருக்கும், உள்ள யாரும் இருக்க மாட்டாங்க.

மனசு ஓடும், ஓடட்டும். ஓடினது தெரிஞ்சதும் யாராவது ஒருத்தரோட மூச்ச தேடிப் பிடிச்சு பாருங்க, நெஞ்சு ஏறுதா வயிறு ஏறுதான்னு. நாம தியானத்துல செய்யறதும் இதுதானே, மனசு போனா திரும்ப கொண்டாறது. அங்க நம்ம மூச்சு, இங்க அவங்க மூச்சு. ஒரு மணி நேரத்துல எத்தன தடவ போனாலும் பரவால்ல, ஒவ்வொரு தடவையும் திரும்ப வர்றீங்களான்னு மட்டும் பாருங்க.

"நானும் கூட சேர்ந்து செய்யலைன்னா அவங்க எப்படி பாத்து செய்வாங்க?"

புதுசா வர்ற டீச்சர்ங்க முக்கால்வாசி பேர் இதுலதான் மாட்டிக்கிறாங்க. டவுன்வர்ட் டாக்ல தலைய கீழ தொங்கப் போட்டுக்கிட்டு "முட்டிய நீட்டுங்க"ன்னு சொன்னா, யார் முட்டி நீண்டிருக்கு யாருது மடங்கியிருக்குன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? நீங்க பாக்குறது உங்க மேட்டதான். அதுவும் இல்லாம நாம முழுசா செஞ்சுக்கிட்டே பேசுனா நமக்கே மூச்சு வாங்குது, அவங்கள எங்க பாக்குறது.

ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, அப்புறம் எழுந்து நடங்க. எதிர்ல நின்னு காட்டினா உங்க இடது கைய தூக்கிக்கிட்டு "வலது கை"ன்னு சொல்லணும், அப்பதான் கண்ணாடில பாக்குற மாதிரி அவங்களுக்கு சரியா வரும், இத வீட்ல நின்னு பழகிக்கோங்க, கிளாஸ்ல நின்னு யோசிச்சா நேரம் அங்கயே போயிடும். ரொம்ப புதுசா இருக்குறவங்க இருந்தா, தெரிஞ்ச ஸ்டூடண்ட் ஒருத்தர முன் வரிசைல நிக்க சொல்லுங்க, அவர பாத்து மத்தவங்க செய்வாங்க. உங்க சொந்த பயிற்சிய காலைல வீட்லயே முடிச்சுடுங்க, கிளாஸ் நேரம் காசு குடுத்து வந்தவங்களோடது.

"சரி, பாக்குறேன். எதப் பாக்குறதுன்னு தெரியலையே, எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியுறாங்க"

முதல்ல மூச்சு. சும்மா இருக்கும்போது பெரியவங்க ஒரு நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 தடவ மூச்சு விடுவாங்க, ஆசனத்துல நின்னு பழகினவங்களுக்கு அது இன்னும் மெதுவாகும். கஷ்டப்படுறவங்க மூச்ச பிடிச்சு வச்சுக்குவாங்க, வாய் இறுகும், கழுத்துல நரம்பு தெரியும். யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி ஆசனத்துக்கு ரெண்டே அடையாளம்தான் சொன்னாரு, ஸ்திரம், சுகம். உறுதியா நிக்கிறாங்க ஆனா முகம் கோணிக்கிட்டு இருக்குன்னா ரெண்டாவது இல்லன்னு அர்த்தம்.

அப்புறம் தரையோட ஒட்டுற இடம். விருக்ஷாசனத்துல நிக்கிற கால் விரல பாருங்க, அஞ்சும் மேட்ட கவ்விப் பிடிச்சு வெளுத்துப் போயிருந்தா விழுந்துடுவோமோன்னு பயப்படுறாங்க, அப்ப "கைய மேல தூக்குங்க"ன்னு அடுத்த படிக்கு போகாதீங்க, செவுத்துப் பக்கம் நகர சொல்லுங்க. வீரபத்ராசனத்துல பின்னங்கால் வெளி ஓரம் தரைய விட்டு தூக்கியிருக்கும், முன் முட்டி உள்பக்கமா சாஞ்சிருக்கும், இது ரெண்டும் சேர்ந்தே வரும், பின்னங்கால அழுத்த சொன்னாலே முட்டியும் பாதி சரியாகிடும். திரிகோணாசனத்துல கை தரையத் தொட்டுடுச்சுன்னு சந்தோஷமா இருப்பாங்க, நெஞ்சு மட்டும் கீழ பாத்துக்கிட்டு இருக்கும். ஒரு பிளாக் (கைக்கு முட்டு குடுக்குற கட்டை) எடுத்து கைக்கு கீழ வச்சுப் பாருங்க, நெஞ்சு திரும்பி நின்ன மூச்சு திரும்ப ஓட ஆரம்பிக்கிறத நீங்களே பாப்பீங்க. அந்த ஒரு மூச்ச பாக்க கிடைக்குறதுக்காகவே நான் இந்த வேலைல இருக்கேன்.

எண்ணிக்கையும் இதுல சேரும். "5 மூச்சு"ன்னு சொல்லிட்டு நாம நம்ம வேகத்துல எண்ணுவோம், அவங்களுக்கு அதுக்குள்ள 9 ஓடியிருக்கும். யாராவது ஒருத்தரோட மூச்ச பாத்து அது கூட எண்ணுங்க, ஒவ்வொரு போஸுக்கும் ஆள மாத்துங்க.

"அடுத்து என்ன ஆசனம்னு மறந்துடுமோன்னு பயம். பேப்பர் பாத்து எடுத்தா அது முழுசா இருக்குறது ஆகாதா?"

தாராளமா பேப்பர் வச்சுக்கோங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. மறந்துடுமோங்கற பயம்தான் கவனத்த தின்னுது, பேப்பர் இல்ல. வரிசை கீழ எழுதி இருக்குன்னு தெரிஞ்சா மனசு அத பிடிச்சு வச்சுக்க வேண்டியதில்ல, கண்ணு ஸ்டூடண்ட் பக்கம் போகும். ஆனா வீட்ல எழுதினத அங்க அப்படியே ஒப்பிச்சே ஆகணும்னு நினைக்காதீங்க. 12 போஸ் எழுதிட்டு போய் 8தான் முடிஞ்சுதுன்னா நீங்க பாத்து எடுத்திருக்கீங்க.

"எல்டிபி ஹைவே ஜாம்ல ஒன்றரை மணி நேரம் மாட்டிட்டு கடைசி நிமிஷத்துல ஓடி வர்றேன். அப்படியே கிளாஸ ஆரம்பிச்சா நான் எங்க முழுசா இருக்குறது?"

கோலாலம்பூர்ல சாயந்திரம் மழையும் ஜாமும் சேர்ந்து வரும், அத மாத்த முடியாது. முடிஞ்சா எல்ஆர்டி ரயில்ல வாங்க, இல்லைன்னா சீக்கிரமே வந்து பக்கத்துல உக்காருங்க, சாப்பாட தாபாவ் பண்ணி (பார்சல் கட்டி) கிளாஸ் முடிஞ்சு சாப்பிடுங்க. ஆனாலும் லேட்டாகுற நாள் வரும்.

அந்த நாள்ல முதல் 3 நிமிஷம் எல்லாரையும் படுக்க வச்சுடுங்க, கண்ண மூட சொல்லுங்க. அவங்களும் அதே ஜாம்லேர்ந்துதான் வந்திருக்காங்க, அவங்களுக்கும் வேணும். நீங்க நின்னுக்கிட்டு, பாதம் ரெண்டும் தரைல இருக்குறத உணர்ந்துட்டு, ஒவ்வொருத்தரா பாத்துட்டு வாங்க. யார் இன்னிக்கு வரல, யாரு புதுசு, யாருக்கு தோள் காது வரைக்கும் ஏறியிருக்கு. அந்த 3 நிமிஷத்துல நீங்களும் வந்து சேர்ந்துடுவீங்க, இன்னிக்கு என்ன கிளாஸ் வேணும்னும் தெரிஞ்சுடும்.

"என் கிளாஸ்ல 20 பேர். ரெண்டு கண்ண வச்சுக்கிட்டு எல்லாரையும் எப்படி பாக்குறது?"

மாமாக் கடைல ரொட்டி சானாய் போடுற அண்ணன கவனிச்சிருக்கீங்களா, கல்லுல ஏழெட்டு கிடக்கும், ஒண்ண வீசிக்கிட்டே எது ஓரம் செவந்துடுச்சுன்னு அவருக்கு தெரியும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல முறைச்சுப் பாக்குறதில்ல, கண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், திருப்ப வேண்டியதுகிட்ட மட்டும் நிக்கும். அறையோட நாலு மூலையிலயும் மாறி மாறி நின்னு கிளாஸ் எடுங்க. முன்னாடியே நின்னா முன் வரிசைக்கு மட்டும்தான் கிளாஸ் நடக்கும், கடைசி வரிசைல ஒளிஞ்சுக்க வர்றவங்கதான் பெரும்பாலும் வலியோட வந்திருப்பாங்க.

யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் (1888லேர்ந்து 1989 வரைக்கும் வாழ்ந்தவரு) சென்னைல ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா சொல்லிக்குடுத்தாரு, வயசு, உடம்பு, வேல எல்லாம் பாத்து ஆளுக்கு ஏத்த பயிற்சி. அவர் மகன் தேசிகாச்சார் 1976ல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரமும் அந்த வழிலதான் போகுது. நம்ம ஊர் ஹால்ல 20 பேர வச்சுக்கிட்டு அந்த அளவுக்கு முடியாது, ஆனா ஒரு கிளாஸ்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு வார்த்தையாவது அவங்களுக்குன்னே சொல்ல முடியும். அதுக்கு மேல கூட்டம் வந்தா, ஸ்டூடியோகிட்ட பேசி ஆள் எண்ணிக்கைய குறைக்க சொல்லுங்க, இத கேக்க தயங்க வேண்டியதில்ல.

"என் கிளாஸ்ல சீன ஆண்டிங்க, மலாய்க்காரங்க, நம்மாளுங்க எல்லாம் இருக்காங்க. மூணு மொழியையும் யோசிச்சே நேரம் போயிடுது, எங்க பாக்குறது?"

எல்லாத்தையும் மூணு மொழிலயும் சொல்லணும்னு இல்ல. இங்கிலீஷ்ல எடுங்க இல்ல மலாய்ல எடுங்க, உங்களுக்கு எது யோசிக்காம வாயில வருதோ அது. மூச்சுக்கு மட்டும் எல்லார் காதுக்கும் போற வார்த்தை வச்சுக்கோங்க, "தாரிக் நபாஸ், லெப்பாஸ்" (மலாய்ல மூச்ச இழுங்க, விடுங்க)னா இந்த ஊர்ல புரியாதவங்க யாரும் இல்ல. யாருக்காவது புரியலைன்னா முகத்துல தெரியும், பக்கத்து மேட்ட திரும்பிப் பாப்பாங்க, அப்ப அவங்க பக்கத்துல போய் நின்னு கையால காட்டுங்க. 70 வயசு பாட்டிகிட்ட மட்டும் தமிழ்ல மெதுவா "பாட்டி, முட்டிய மடக்கிக்கலாம்"னு சொன்னா போதும்.

"நான் பேசாம நின்னா ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கே? காசு குடுத்தவங்க என்ன நினைப்பாங்க?"

நாம விடாம பேசும்போது அவங்க நம்ம குரல கேட்டு நடக்குறாங்க, உடம்ப கேக்க நேரமே கிடைக்கிறதில்ல. ஒரு போஸ்க்கு உள்ள போற வழி, மூச்சு, ஒரே ஒரு திருத்தம், அப்புறம் ரெண்டு மூணு மூச்சு வரைக்கும் வாய மூடிட்டு பாருங்க. அந்த நேரத்துலதான் நீங்க ரொம்ப வேல செய்யறீங்க. சும்மா நின்னு ஃபேன பாத்துக்கிட்டு இருந்தா அவங்களுக்கு தெரிஞ்சுடும், பாத்துக்கிட்டு நின்னா அதுவும் தெரியும்.

சாயந்திர கிளாஸ்ல ஏழு மணிக்கு மேல பக்கத்து சூராவ்ல (சின்ன தொழுகை இடம்) மக்ரிப் பாங்கு, அதாவது சாயந்திர தொழுகைக்கான அழைப்பு, சொல்லுவாங்க, நான் அந்த நேரத்துல பேச்ச நிறுத்திடுவேன், ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுனா அதையும் அணைச்சுடுவேன், உக்காந்தோ படுத்தோ இருக்க விட்டுடுவேன். கிளாஸ்ல யாரும் ஏன்னு கேட்டதில்ல. பேசாம இருந்து பழக்கம் இல்லாத டீச்சர்ங்களுக்கு இத ஆரம்பமா வச்சுக்க சொல்லுவேன்.

"தொட்டு சரி பண்றதுதானே அக்கறை? கேட்டுட்டுதான் தொடணுமா?"

கேட்டுட்டுதான் தொடணும். ஒவ்வொரு தடவையும். போன வாரம் சரின்னு சொன்னவங்களுக்கு இந்த வாரம் வேண்டாம்னு இருக்கலாம், தோள்ல ஊசி போட்டிருக்கலாம், மாசத்துல அந்த நாளா இருக்கலாம், மனசு சரியில்லாம இருக்கலாம். கிளாஸ் ஆரம்பத்துல எல்லாரும் கண்ண மூடியிருக்கும்போது, தொட வேண்டாம்னா ஒரு கைய வயித்து மேல வச்சுக்கோங்கன்னு சொல்லிடுங்க, யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க, கூச்சமில்லாம சொல்லுவாங்க. ஆண் டீச்சர் பெண் ஸ்டூடண்ட்ட தொடவே வேண்டாம்ங்கறது என் கருத்து, வார்த்தையாலயும் பிளாக்காலயும் செய்ய முடியாத திருத்தம் பொது கிளாஸ்ல ஒண்ணும் இல்ல.

சரின்னு சொன்னவங்கள தொட்டா, பின்னாடிலேர்ந்து திடீர்னு போகாதீங்க, முன்னாடி வந்து கண்ணுல பட்டுட்டு போங்க. அழுத்தித் தள்ளாதீங்க. கைக்கு கீழ அவங்க மூச்சு நின்னுதுன்னா உடனே கைய எடுங்க, வாயால சரின்னு சொன்னாலும் உடம்பு வேண்டாம்னு சொல்லுது.

"சவாசனத்துல ஒரு அக்கா அழுதுட்டாங்க. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

ரொம்ப நாளா ஓடிக்கிட்டே இருக்குற உடம்பு படுத்து ஓய்ஞ்சதும் சில பேருக்கு அழுகை வரும். பக்கத்துல கொஞ்ச தூரம் தள்ளி உக்காருங்க, டிஷ்யூ அவங்க கைக்கு எட்டுற இடத்துல வைங்க, மத்தவங்க திரும்பிப் பாக்காம இருக்க உங்க குரல வழக்கம் போலவே வச்சுக்கோங்க. கட்டிப்பிடிக்க வேண்டாம், "என்னாச்சு"ன்னு அங்கயே கேக்க வேண்டாம்.

கிளாஸ் முடிஞ்சு மத்தவங்க போனதும் "இருந்துட்டு மெதுவா போங்கக்கா"ன்னு மட்டும் சொல்லுங்க. பேசணும்னா அவங்களே பேசுவாங்க. அப்ப கேளுங்க, புத்தி சொல்லாதீங்க, அவங்க குடும்பத்த பத்தி தீர்ப்பு சொல்லாதீங்க. வீட்ல அடி, உயிர விட்டுடலாம்னு நினைப்பு, இந்த மாதிரி ஏதாவது காதுல விழுந்தா அது யோகா டீச்சரோட எல்லைய தாண்டினது, டாக்டர்கிட்டயோ ஆலோசகர்கிட்டயோ போக கூட நின்னு வழி காட்டுங்க. தனியா அனுப்பிடாதீங்க.

"அவங்க சவாசனத்துல இருக்கும்போது நான் ஃபோன்ல மெசேஜ் பாத்துக்கலாம்ல? கண்ண மூடிட்டுதானே இருக்காங்க"

வேண்டாம். கண்ண மூடிட்டு படுத்திருக்குறவங்க நம்ம நம்பித்தான் படுத்திருக்காங்க. ஒருத்தருக்கு குளுரும், ஒருத்தருக்கு இடுப்பு வலிச்சு முட்டிய மடக்கணும்னு இருக்கும், கேக்க கூச்சப்பட்டு அப்படியே கிடப்பாங்க. ஃபோன கார்லயே விட்டுட்டு வாங்க, நேரம் பாக்க சின்ன கைக்கடிகாரம் போதும்.

"சுகர், பிரஷர்னு ஃபார்ம்ல எழுதி வாங்கிட்டோமே, அப்புறமும் எதுக்கு பாத்துக்கிட்டே இருக்கணும்?"

ஃபார்ம் எழுதினது ஆறு மாசத்துக்கு முன்னாடி, உடம்பு இன்னிக்கு எப்படி இருக்குன்னு அதுல இருக்காது. 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர், நம்ம இந்தியர்கள்கிட்ட அது மத்த எல்லா இனத்தையும் விட அதிகம். உங்க 20 பேர் கிளாஸ்ல கண்டிப்பா இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரையோ எடுத்துட்டு, சாயந்திரம் வெறும் வயித்தோட நேரா ஆபிஸ்லேர்ந்து வர்றவங்களுக்கு நடுவுல சுகர் இறங்கலாம். ஏசி அறைல எல்லாரும் காய்ஞ்சு இருக்க ஒருத்தருக்கு மட்டும் நெத்தில வியர்வை, கை நடுக்கம், சொன்னது புரியாத மாதிரி பார்வை. இத பாத்தா உடனே உக்கார வச்சு 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலந்து குடுங்க, அது சுமார் 15 கிராம் வரும், 15 நிமிஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு பாருங்க. நினைவு தப்பிடுச்சுன்னா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, 999க்கு கூப்பிடணும். கண் அழுத்த நோய் இருக்குறவங்களுக்கு தலைகீழா நிக்கிறது ஆகாது, பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க சவாசனத்துலேர்ந்து பக்கவாட்டுல திரும்பி மெதுவா எழுந்திரிக்கணும், இல்லைன்னா தலை சுத்தும்.

ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் துறவியாகுறதுக்கு முன்னாடி, 1913லேர்ந்து சுமார் 10 வருஷம் இங்க மலாயாவுல தோட்டத்து ஆஸ்பத்திரில டாக்டரா வேல பாத்தவரு, பத்துமலை சிவானந்தா ஆசிரமத்துக்கு போறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். நாம டாக்டர் இல்ல, ஆகவும் வேண்டாம். ஆனா எதிர்ல இருக்குற உடம்பு இன்னிக்கு எப்படி இருக்குன்னு பாக்குற பழக்கம் யோகா டீச்சருக்கும் வேணும்.

"மலாய்க்காரங்க வந்தா ஓம் சொல்லலாமா வேண்டாமா? இதுக்கும் முழுசா இருக்குறதுக்கும் என்ன சம்பந்தம்?"

2008 நவம்பர்ல மலேசியாவோட தேசிய ஃபத்வா மன்றம் (இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்ற அமைப்பு) முஸ்லிம்கள் யோகா செய்யக் கூடாதுன்னு அறிவிச்சுது, மந்திரம், வழிபாடு எல்லாம் உடற்பயிற்சியோட சேர்ந்து வர்றதுதான் அவங்க சொன்ன காரணம். கொஞ்ச நாள்ல அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி, மந்திரம் இல்லாம வெறும் உடற்பயிற்சியா செய்யலாம்னு சொன்னாரு. இந்த ஊர்ல சொல்லிக்குடுக்குறவங்க எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

நான் எல்லாரும் வர்ற கிளாஸ்ல மந்திரம் சொல்றதில்ல, மூச்சுல ஆரம்பிச்சு மூச்சுல முடிக்கிறேன். கோயில் மண்டபத்துல நம்மாளுங்களுக்குன்னே எடுக்குற கிளாஸ்ல ஓம் சொல்லுவோம், அது அங்க வர்றவங்களுக்கும் வேணும். கிளாஸ்ல எப்படி நடக்கும்னு முதல்லயே சொல்லிடுறேன், வர்றதா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணிக்கட்டும். சம்பந்தம் என்னன்னா, ஒருத்தர் மனசுக்குள்ள சங்கடத்தோட உக்காந்திருக்கும்போது அது நம்ம கண்ணுல படலைன்னா நாம நமக்கு பிடிச்ச கிளாஸ எடுத்துக்கிட்டு இருக்கோம், அவங்களுக்கு எடுக்கல.

"ஜூம்ல எடுக்கும்போது எல்லாரும் தீப்பெட்டி அளவுல தெரியுறாங்க. அங்க எப்படி முழுசா இருக்குறது?"

2020 மார்ச் 18 எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) ஆரம்பிச்சப்ப எல்லாரும் ஒரே வாரத்துல ஜூம் பழகினோம், இப்பவும் பினாங்கு, ஈப்போலேர்ந்து சேர்றவங்க இருக்காங்க. ஃபோன்ல எடுக்காதீங்க, பெரிய ஸ்கிரீன் வைங்க. உங்க முகம் உங்களுக்கே தெரியாத மாதிரி மறைச்சுடுங்க, அது தெரிஞ்சா கண்ணு அங்கதான் போகும். செஞ்சு காட்டுறத இங்க இன்னும் குறைச்சு, ஸ்கிரீன் பக்கத்துல உக்காந்து பாருங்க. கேமராவ பக்கவாட்டுல, தரையோட கொஞ்சம் மேல வைக்க சொல்லுங்க, பாதத்துலேர்ந்து தலை வரைக்கும் தெரியணும்.

பேர் சொல்லி கூப்பிடுங்க. திருத்தம் சொல்லும்போது மட்டும் கூப்பிட்டா பேர் கேட்டாலே பயப்படுவாங்க, நல்லா இருக்கும்போதும் கூப்பிடுங்க. கேமராவ மூடி வச்சுட்டு செய்றவங்களுக்கு சுலபமான போஸ்தான் சொல்லிக்குடுக்க முடியும்னு முதல்லயே சொல்லிடுறது நல்லது, பாக்க முடியாத உடம்ப தலைகீழா நிக்க சொல்லக் கூடாது.

"வீட்ல பெரிய பிரச்சன நடக்குற நாள்லயும் கிளாஸ் எடுக்கணுமா?"

கை நடுங்குது, அழுகை தொண்டையிலயே நிக்குதுன்னா வேற டீச்சர அனுப்புங்க, அதுக்குன்னு ரெண்டு மூணு பேர் நம்பர முன்னாடியே வச்சுக்கோங்க. அந்த அளவுக்கு இல்லைன்னா போங்க. எளிமையான கிளாஸ், நல்லா கை வந்த வரிசை. ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கதைய சொல்ல வேண்டாம், "இன்னிக்கு கொஞ்சம் மெதுவா போவோம்" போதும்.

ஒரு மணி நேரம் மத்தவங்க மூச்ச பாத்துக்கிட்டு இருக்கும்போது நம்ம பாரம் கொஞ்சம் இறங்குறது உண்மைதான், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுக்கு போகாம இருக்குறதுக்காக கிளாஸ் மேல கிளாஸா எடுக்க ஆரம்பிச்சா நிறுத்துங்க.

"ஒரு நாளைக்கு 4 கிளாஸ் எடுத்தாதான் வாடகை கட்ட முடியும். நாலாவதுல எனக்கு யார் முகமும் பதியுறதில்ல, என்ன பண்றது?"

இது மனசு பலவீனம் இல்ல, களைப்பு. சும்மா முயற்சி பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். நாலையும் ஒரே மாதிரி எடுக்காதீங்க, கடைசி கிளாஸ உக்காந்து, படுத்து செய்ற கிளாஸா மாத்துங்க, வேகமான கிளாஸ காலைல வைங்க. ரெண்டு கிளாஸுக்கு நடுவுல 20 நிமிஷமாவது யாரோடயும் பேசாம இருங்க, சாப்பிடுங்க. ஸ்டூடியோ முதலாளிங்க இத படிச்சா ஒண்ணு சொல்லணும், ஒரு கிளாஸுக்கு இவ்ளோன்னு குறைச்சு குடுத்து டீச்சர ஓட ஓட வச்சுட்டு, ஸ்டூடண்ட்ஸ் மேல அக்கறை போதலன்னு குறை சொல்றது நியாயமே இல்ல.

"நான் கவனமா பாக்குறத ஒரு ஸ்டூடண்ட் வேற மாதிரி எடுத்துக்கிட்டாரு, ராத்திரி மெசேஜ் வருது. இனிமே பாக்காம இருக்கணுமா?"

பாக்குறத நிறுத்த வேண்டாம், எல்லை எங்க இருக்குன்னு தெளிவா சொல்லணும். கிளாஸ் விஷயம் குரூப்ல மட்டும், ராத்திரி வர்றதுக்கு பதில் இல்ல. மறுபடி வந்தா "இது கிளாஸ் சம்பந்தப்பட்டது இல்ல, இனி அனுப்பாதீங்க"ன்னு ஒரே வரி, சிரிக்கிற எமோஜி எதுவும் வேண்டாம். ஸ்டூடியோக்கும் சொல்லி வைங்க. அதுக்கு மேலயும் நிக்கலைன்னா அவர் உங்க கிளாஸ்க்கு வரக் கூடாது.

மறுபக்கமும் இருக்கு, டீச்சருக்கே ஒரு ஸ்டூடண்ட் மேல மனசு போகலாம். அடையாளம் சுலபம்: கண்ணு அந்த ஒரு மேட்டுக்கே திரும்பத் திரும்ப போகும், அவங்க வராத நாள் கிளாஸ் சப்புன்னு இருக்கும். அந்த நிலைல அவங்கள வேற டீச்சர்கிட்ட அனுப்பிடுங்க, நம்ம பேச்ச கேட்டு கண்ண மூடிட்டு படுக்குறவங்ககிட்ட நமக்கு ஒரு அதிகாரம் இருக்கு, அத வச்சுக்கிட்டு உறவு ஆரம்பிக்கக் கூடாது. பிடிக்காத ஸ்டூடண்ட் விஷயத்துலயும் கண்ணுதான் காட்டிக்குடுக்கும், அந்த மேட் பக்கம் மட்டும் போகவே போகாது. நீங்களா வலியப் போய் அங்க நில்லுங்க, அவங்க மூச்ச பாருங்க.

"முழுசா இருந்தேனா இல்லையான்னு எனக்கே எப்படி தெரியும்?"

கிளாஸ் முடிஞ்சு கார்ல ஏறினதும் ஃபோன எடுக்குறதுக்கு முன்னாடி, வந்தவங்க பேர ஒவ்வொண்ணா மனசுல சொல்லிப் பாருங்க. ஒவ்வொருத்தர பத்தியும் இன்னிக்கு பாத்த ஒரு விஷயம் ஞாபகம் வருதா? ஒருத்தர் இடது முட்டில பட்டை கட்டியிருந்தாங்க, ஒருத்தர் புஜங்காசனத்துல வழக்கத்த விட சீக்கிரமே இறங்கிட்டாங்க, இந்த மாதிரி. "கிளாஸ் சூப்பர்"னு அவங்க சொன்னத கணக்குல எடுக்காதீங்க, நம்ம ஊர்ல மரியாதைக்கு எல்லாரும் சொல்லுவாங்க.

ரெண்டு மூணு பேர பத்தி ஒண்ணுமே வராது, எனக்கும் வராது, கிளாஸ் பெருசா இருந்தா இன்னும் அதிகம். அந்தப் பேர மட்டும் நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, அடுத்த கிளாஸ்ல படுக்க வைக்கிற முதல் 3 நிமிஷத்த அவங்க மேட் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க.